மொரீசியஸ் கட்சிகளும் தலைவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் மொரீசியஸ் 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் மக்கள்தான். ஆனால் அதன் அரசியலைப் பின்தொடர ஆரம்பித்தால் யார் யாரோடு சேர்ந்தார்கள், எப்போது பிரிந்தார்கள் என்று தலை சுற்றும். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கட்சிப் பெயர்களே குழப்புகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பணப்பையிலிருந்து தொடங்குங்கள். மொரீசியஸ் ரூபாய் நோட்டுகளை வரிசையாக அடுக்கினால் பாதி அரசியல் வரலாறு வந்துவிடும். 2000 ரூபாயில் சீவூசாகூர் ராம்கூலம், தொழிற்கட்சி, முதல் பிரதமர். 1000 ரூபாயில் கயெத்தான் துவால். இவர் விடுதலையே வேண்டாம் என்று தேர்தலில் நின்றவர். 500 ரூபாயில் சுக்தேவ் பிசுன்தயால், ராம்கூலத்தோடு சேர்ந்தும் மோதியும் அரசியல் செய்தவர். 200 ரூபாயில் முஸ்லிம்களின் கட்சியை நடத்திய அப்துல் ரசாக் முகமது. 100 ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன், தொழிற்கட்சியின் தமிழ் வழக்கறிஞர், 1958-ல் மறைந்தார். 50 ரூபாயில் சர்க்கரைத் துறைக்காரரும் அமைச்சருமான மொரீஸ் பத்துரோ. 25 ரூபாயில் சீன வணிகர், அமைச்சர் ழான் ஆ-ச்சுவென்.

எதிரெதிரே நின்று வசைபாடியவர்கள் எல்லாரும் ஒரே பையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். கூடவே ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு முகம் என்று பார்த்துப் பார்த்துப் பங்கிட்டிருப்பதும் தெரிகிறது. இந்த இரண்டும் பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

சரி, முக்கியக் கட்சிகள் எவை?

நான்கு. தொழிற்கட்சி: சிவப்பு நிறம், சாவிச் சின்னம், ராம்கூலம் குடும்பம். எம்.எம்.எம்.: ஊதா நிறம், இதயச் சின்னம், பால் பெராஞ்சே. பெயரைத் தமிழில் சொன்னால் ‘மொரீசியப் போராளி இயக்கம்’. எம்.எஸ்.எம்., அதாவது ‘போராளி சோசலிச இயக்கம்’: ஆரஞ்சு நிறம், சூரியன், ஜக்நாத் குடும்பம். பி.எம்.எஸ்.டி., அதாவது ‘மொரீசிய சமூக ஜனநாயகக் கட்சி’: நீல நிறம், சேவல், துவால் குடும்பம். இந்தச் சுருக்கங்கள் எல்லாம் பிரெஞ்சுப் பெயர்களின் முதல் எழுத்துகள்.

சூரியனையும் சேவலையும் பார்த்து நம் ஊர் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இவற்றைச் சுற்றிச் சின்னக் கட்சிகள் நிறைய. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் நடத்துவது.

இதுவரை எத்தனை பிரதமர்கள்?

2024 தேர்தலோடு கணக்கெடுத்தால் ஐந்தே பேர். சீவூசாகூர் ராம்கூலம், அனிருத் ஜக்நாத், நவீன் ராம்கூலம், பால் பெராஞ்சே, பிரவிந்த் ஜக்நாத். நவீன் சீவூசாகூரின் மகன். பிரவிந்த் அனிருத்தின் மகன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஐந்து பேர், மூன்றே வீடு.

நான்காவது வீடு துவால் வீடு. கயெத்தான், அவர் மகன் சேவியர்-லுக், பேரன் அத்ரியன் என மூன்று தலைமுறை. பிரதமர் நாற்காலி மட்டும் கிடைத்ததில்லை. பெராஞ்சேயின் மகள் ஜோவன்னாவும் நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டார். வாரிசு அரசியல் பற்றி மொரீசியஸ்காரரிடம் நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கும் நம்மைப் பார்த்து வியக்க ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் காலனி என்கிறீர்கள். கட்சிப் பெயர்கள் ஏன் பிரெஞ்சில் இருக்கின்றன?

முதலில் டச்சுக்காரர்கள் வந்து 1710-ல் போனார்கள். 1715-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள். 1810-ல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடியேறிகளின் மொழி, மதம், சட்டம், சொத்து எதிலும் கைவைக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு பிடித்தார்கள். கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சு வம்சாவளியினர் கையிலேயே இருந்தன. அதனால்தான் இன்றைக்கும் சட்டம் ஆங்கிலத்தில், செய்தித்தாள் பிரெஞ்சில், மேடைப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த மக்கள் மொழியான கிரியோலில். மேடையில் ஆங்கிலம் பேசி ஓட்டு வாங்கியவர் அங்கே கிடையாது. கடைசி மேல்முறையீட்டுக்கு மட்டும் இன்னமும் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

தொழிற்கட்சி எப்படித் தொடங்கியது?

1936 பிப்ரவரியில், தலைநகர் போர்ட் லூயிஸின் குதிரைப் பந்தயத் திடலான ஷான் தெ மார்ஸில், மொரீஸ் க்யூரே என்ற கிரியோல் மருத்துவர் தொடங்கினார். (கிரியோல் என்பது மொழிக்கு மட்டுமல்ல, ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களும் கலப்பு வம்சாவளியினரும் சேர்ந்த சமூகத்துக்கும் பெயர்.) அப்போது ஓட்டுரிமை சொத்துள்ள சில ஆயிரம் பேருக்குத்தான். கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சங்கம் வைக்கக்கூட உரிமை இல்லை. அடுத்த ஆண்டே தோட்டங்களில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1938-ல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது கட்சியின் இன்னொரு தலைவர் எம்மானுவேல் அங்கெத்தீலைப் பிடித்து அதே ஆட்சியின் கீழ் இருந்த சின்னத் தீவான ரோட்ரிக்ஸுக்கு நாடு கடத்தினார்கள்.

1943 செப்டம்பர் 27-ஐ இங்கே சொல்லாமல் போக முடியாது. பெல் வூ ஹாரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒருவர் அஞ்சலை குப்பன், கர்ப்பிணி. மற்றவர்களின் பெயர்கள் கிருஷ்ணசாமி முனிசாமி, முனுசாமி முனியன், மாரிதை பனப்பன். கடைசிப் பெயர் அங்கே எழுதும் விதத்தை வைத்து நான் ஊகித்துத் தமிழில் எழுதியது. மற்றவற்றுக்கு ஊகமே தேவையில்லை. அந்த ஊர் விளையாட்டரங்கத்துக்கு இன்று அஞ்சலையின் பெயர். கால்பந்து பார்க்க வருகிறவர்கள் ‘அஞ்சலேய்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தொழிற்கட்சியின் ஆரம்பத் தலைவர்கள் க்யூரே, அங்கெத்தீல், கி ரோஸ்மோன் மூவருமே கிரியோல் சமூகத்தவர். இந்துக்களின் கட்சி என்று அதற்குப் பெயர் வந்தது பிற்பாடுதான். 1948 தேர்தலில், தீவில் புழங்கும் ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டுப் போடலாம் என்று வந்ததும் கிராமமே வாக்குச்சாவடிக்கு வந்துவிட்டது. பிசுன்தயால் சகோதரர்கள் ஊர் ஊராகப் போய்த் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஓட்டு என்பது 1959-ல் வந்தது.

சீவூசாகூர் ராம்கூலம் உண்மையிலேயே தேசத்தந்தையா?

விமான நிலையம், தாவரவியல் பூங்கா, நாணயம் என எதைத் தொட்டாலும் அவர் பெயரோ முகமோ இருக்கும். லண்டனில் படித்த மருத்துவர், பொறுமைசாலி. 1956-ல் ரோஸ்மோன் மறைந்த பின் கட்சி அவர் கைக்கு வந்தது. இலவசக் கல்வி, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றில் அவர் பங்கு பெரிது.

கரும்புள்ளியும் உண்டு. 1965-ல் லண்டன் பேச்சுவார்த்தையின்போது மொரீசியஸோடு சேர்ந்திருந்த சாகோஸ் தீவுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள பிரிட்டனுக்குச் சம்மதம் தந்தார். அதற்கு ஈடாக மூன்று மில்லியன் பவுண்டு. விடுதலை வேண்டுமென்றால் இதைக் கொடு என்ற நிலையில் கொடுத்தது என்பது கட்சியின் விளக்கம். அவற்றில் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வந்தது, அந்த மக்கள் கப்பலில் ஏற்றப்பட்டுப் போர்ட் லூயிஸ் சேரிகளில் இறக்கப்பட்டார்கள். பின்னாளில் அப்பா விட்டதைத் திரும்பக் கேட்கும் வேலை மகனுக்கு வந்து சேர்ந்தது. 2019-ல் சர்வதேச நீதிமன்றம் மொரீசியஸுக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னது. அப்போது பிரதமர் பிரவிந்த். 2025 மே 22-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரதமர் நவீன். இரு வீட்டாரும் ‘எங்களால்தான்’ என்கிறார்கள்.

ஒரு கட்சி விடுதலையை எதிர்த்ததாமே?

ஆமாம், சேவல் கட்சி. 1967 ஆகஸ்ட் தேர்தல் ஏறக்குறைய வாக்கெடுப்பு மாதிரி நடந்தது. தொழிற்கட்சி, பிசுன்தயாலின் கட்சி, முகமதுவின் கட்சி மூன்றும் சேர்ந்து விடுதலை அணி. எதிரே பிரிட்டனோடு ஒட்டியே இருக்கலாம் என்ற பி.எம்.எஸ்.டி. விடுதலை அணிக்கு 39 இடம், எதிரணிக்கு 23. ஓட்டாகப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் விடுதலைக்கு எதிராக விழுந்தது. இந்துப் பெரும்பான்மை ஆட்சி வந்தால் தங்கள் கதி என்ன என்ற பயம் கிரியோல் மக்களுக்கு இருந்தது. விடுதலைக்கு இரண்டு மாதம் முன்பு, 1968 ஜனவரியில், போர்ட் லூயிஸில் கிரியோல்-முஸ்லிம் கலவரம் நடந்து பிரிட்டிஷ் படை வந்துதான் அடங்கியது.

கயெத்தான் துவால் அப்போது ‘கிரியோல் மன்னர்’. குதிரை மேல் வருவார், பளபளப்பாக உடுத்துவார், கூட்டத்தை ஆட்டி வைப்பார். சரி, இவ்வளவு எதிர்த்தவர் அப்புறம் என்ன செய்தார்? 1969-லேயே ராம்கூலம் அமைச்சரவையில் சேர்ந்து வெளியுறவு அமைச்சரானார். மொரீசியஸ் கூட்டணி அரசியலின் அரிச்சுவடி அங்கேதான் எழுதப்பட்டது.

எம்.எம்.எம். இதற்கு எதிர்வினையா?

அப்படியே. பெரியவர்கள் இருவரும் சேர்ந்துவிட்டால் எதிர்க்கட்சி யார்? 1969-ல் சில இளைஞர்கள் தொடங்கினார்கள். 1968-ன் ஐரோப்பிய மாணவர் கிளர்ச்சிக் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்த பால் பெராஞ்சே, கிரியோல் மொழிக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய தேவ் வீராசாமி போன்றவர்கள். மார்க்சியம் பேசினார்கள், சாதி மதம் வேண்டாம் என்றார்கள். 1970 இடைத்தேர்தலில் ராம்கூலத்தின் சொந்தக் கோட்டையான பம்ப்ளமூஸ்-திரியோலேயில் வீராசாமி ஜெயித்தார். 1971-ல் துறைமுகம், போக்குவரத்து என்று வரிசையாக வேலைநிறுத்தம். அரசு நெருக்கடி நிலை அறிவித்தது, தலைவர்களை உள்ளே தள்ளியது. 1972-ல் வர வேண்டிய பொதுத்தேர்தல் 1976-க்குப் போனது.

சிறையிலிருந்து வந்தவர்களுக்கு 1976-ல் 70-ல் 34 இடம் கிடைத்தது, தனிப்பெரும் கட்சி. தொழிற்கட்சி 28, பி.எம்.எஸ்.டி. 8. இரண்டையும் கூட்டினால் 36. எதிர்பார்த்தபடியே கூட்டினார்கள்.

‘60-0’ என்று அடிக்கடி வருகிறதே, கால்பந்தா?

தேர்தல் முடிவுதான். பிரதான தீவில் 20 தொகுதி, தொகுதிக்கு மூன்று உறுப்பினர், ஆக 60. ரோட்ரிக்ஸுக்கு 2. ஒவ்வொரு வாக்காளரும் மூன்று பேருக்கு ஓட்டுப் போட வேண்டும். ஒரே அணியின் மூவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது வழக்கமாகிவிட்டால் எதிரணி ஒரு இடம்கூட இல்லாமல் துடைக்கப்படும். 1982, 1995, 2024 என மூன்று முறை 60-0 நடந்திருக்கிறது.

மூன்றிலும் பதவியிலிருந்த பிரதமரே தன் தொகுதியில் தோற்றார். 1982-ல் சீவூசாகூர் ராம்கூலம். 1995-ல் அனிருத் ஜக்நாத். 2024-ல் பிரவிந்த் ஜக்நாத். 60-0 ஆகாத 2014-லும் நவீன் ராம்கூலம், அப்பா தோற்ற அதே ஐந்தாம் எண் தொகுதியில் தோற்றார். வேறு எந்த நாட்டிலும் பிரதமர்களை இவ்வளவு ஒழுங்காக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களா, தெரியவில்லை. வாரிசுகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதும் இதே வாக்காளர்கள்தான்.

1982-ல் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எம்.எம்.எம். ஏன் உடைந்தது?

பெராஞ்சேதான் கட்சியின் மூளை. ஆனால் வெள்ளையர், பிரெஞ்சு வம்சாவளி. இந்துக்கள் பாதியளவு இருக்கும் நாட்டில் அவரைப் பிரதமர் வேட்பாளராக நிறுத்தினால் ஓட்டு விழாது என்று அனிருத் ஜக்நாத்தை முன்னிறுத்தினார்கள். ஜெயித்ததும் அனிருத் பிரதமர், பெராஞ்சே நிதியமைச்சர். யார் உண்மையான முதலாளி என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. பெராஞ்சேயின் சிக்கன நடவடிக்கை கூட்டாளிகளுக்குப் பிடிக்கவில்லை. 1983 மார்ச் 12 விடுதலை நாளன்று நாட்டுப்பண்ணைக் கிரியோலில் ஒலிபரப்பியது பெரிய சண்டையானது. பத்தே மாதத்தில் பெராஞ்சேயும் அவர் பக்கத்து அமைச்சர்களும் வெளியேறினார்கள்.

அனிருத் எம்.எஸ்.எம். என்ற புதுக் கட்சி கண்டார். யாரோடு சேர்ந்து தேர்தலில் நின்றார் என்று நினைக்கிறீர்கள்? முந்தைய ஆண்டு துடைத்தெறிந்த தொழிற்கட்சியோடும் பி.எம்.எஸ்.டி.யோடும். ஜெயித்தார். தோற்கடிக்கப்பட்ட சீவூசாகூர் ராம்கூலம் கவர்னர் ஜெனரலாகி, 1985-ல் அந்தப் பதவியிலேயே மறைந்தார்.

கூட்டணிகளை நினைவில் வைத்துக்கொள்ள வழி உண்டா?

தொழிற்கட்சி, எம்.எம்.எம்., எம்.எஸ்.எம். என்ற மூன்று பெரிய கட்சிகளில் எந்த இரண்டு சேர்கின்றனவோ அவை பெரும்பாலும் ஜெயிக்கும். இதுதான் சூத்திரம். 1991-ல் எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும். 1995-ல் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும். 2000-ல் மறுபடி எம்.எஸ்.எம்.மும் எம்.எம்.எம்.மும். 2010-ல் தொழிற்கட்சியும் எம்.எஸ்.எம்.மும். 2024-ல் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும். சேராத சேர்க்கை எதுவும் மிச்சமில்லை.

சூத்திரம் பொய்த்த இடம் 2014. நவீனும் பெராஞ்சேயும் சேர்ந்தார்கள். பழைய கணக்குப்படி 60-0 நிச்சயம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது ஓட்டு மட்டுமல்ல, அரசியலமைப்பையே மாற்ற அனுமதி: நவீன் அதிகாரம் கூடிய குடியரசுத் தலைவர், பெராஞ்சே பிரதமர். இருவரும் நாட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று மக்களுக்குத் தோன்றிவிட்டது. எண்பது வயது தாண்டிய அனிருத் ஜக்நாத், குடியரசுத் தலைவர் பதவியை 2012-லேயே விட்டுவிட்டுக் களத்துக்குத் திரும்பியிருந்தவர், ‘மக்கள் கூட்டணி’ என்று நின்று 47 இடம் பிடித்தார். மாபெரும் கூட்டணிக்கு 13. கட்சிகளைக் கூட்டினால் ஓட்டும் கூடிவிடும் என்பது தலைவர்கள் மேசையில் மட்டும் வேலை செய்யும் கணக்கு.

பெராஞ்சே எப்படியும் பிரதமரானார் அல்லவா?

ஆனார், 2003 செப்டம்பர் 30-ல். 2000 தேர்தலுக்கு முன்பே போட்ட ஒப்பந்தம்: முதல் மூன்று ஆண்டு அனிருத், அதன்பின் அவர் குடியரசுத் தலைவர், மீதி இரண்டு ஆண்டு பெராஞ்சே. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது, அதுவே அங்கே அதிசயம். இந்து அல்லாத ஒரே பிரதமர் அவர். 2005 தேர்தலில் தோற்றார். பிரதமர் வேட்பாளர் எந்தச் சாதியாக இருக்க வேண்டும் என்று அங்கே டீக்கடைப் பேச்சில் வெளிப்படையாகவே சொல்வார்கள், ‘வைஷ்’ என்று. கட்சிகள் மேடையில் மறுக்கும். வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் தொகுதிக்குத் தொகுதி சாதியும் மதமும் அளந்து வைத்திருப்பது தெரியும்.

‘சிறந்த தோற்றவர்’ என்று ஒரு பதவி உண்டாமே, விளையாட்டா?

பெயர் அப்படித்தான் ஒலிக்கிறது, விஷயம் கனமானது. 62 பேர் நேரடியாக ஜெயித்த பிறகு, குறைவாக இடம் கிடைத்த சமூகங்களுக்காக, தோற்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்களை எட்டு பேர் வரை உள்ளே எடுப்பார்கள். முதல் நால்வர் சமூகக் கணக்கு மட்டும், அடுத்தவர்கள் கட்சிச் சமநிலையும் பார்த்து. அரசியலமைப்பு நான்கு பிரிவுகளை மட்டும் அறியும்: இந்து, முஸ்லிம், சீனர், ‘பொது மக்கள்’. கிரியோல்களும் வெள்ளையர்களும் இந்தக் கடைசிப் பெட்டியில்.

வேடிக்கை என்னவென்றால், சமூகவாரியான கடைசிக் கணக்கெடுப்பு 1972-ல். இன்றைய நாற்காலியை அந்தக் காலத்துத் தலை எண்ணிக்கையை வைத்துப் பங்கிடுகிறார்கள். வேட்புமனுவில் நான் எந்தச் சமூகம் என்று எழுத மாட்டேன் என்று ரெசிஸ்தான்ஸ் எக் அல்தேர்நாதிவ் என்ற இடதுசாரி அமைப்பினர் வழக்காடி, ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய் 2012-ல் சாதகமான முடிவு பெற்றார்கள். 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகமாக விலக்குத் தந்தார்கள். அதே அமைப்பு 2024-ல் ஜெயித்த கூட்டணியில் இருந்தது.

2024-ல் 60-0 ஆன பிறகு எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜோங்கார் இந்த வழியில் உள்ளே வந்தவர்தான். அத்ரியன் துவாலும் அப்படியே. இந்த ஏற்பாட்டைத் திட்டுகிறவர்கள்கூட, இது இல்லாமல் 60-0 நாடாளுமன்றத்தை எப்படி நடத்துவது என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

தமிழர்கள் எந்தக் கட்சியில் இருக்கிறார்கள்?

எல்லாவற்றிலும். தமிழர்கள் அங்கே வந்தது ஒப்பந்தக் கூலிகளாக மட்டுமல்ல. பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே 1735-க்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர்களை அழைத்துப் போனார். 1834-ல் ஒப்பந்தக் கூலி முறை தொடங்கியபோது தமிழர் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள். தைப்பூசம் அரசு விடுமுறை.

அரசியலமைப்பில் அவர்கள் ‘இந்து’ப் பெட்டிக்குள். ஆனால் ஊர்ப் பேச்சில் இந்து என்றால் போஜ்புரி வழி வந்தவர்கள், தமிழர் தனி. இந்த முரண் 1998-ல் ரூபாய் நோட்டில் வெடித்தது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசையைப் புது நோட்டில் மாற்றி இந்தியைத் தமிழுக்கு முன் வைத்தார்கள். தமிழர் தெருவுக்கு வந்தார்கள். அச்சடித்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடி அச்சிட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி.

பதவிகளில் பார்த்தால் நிதியமைச்சராக இருந்த ராமா சித்தானென், துணைக் குடியரசுத் தலைவர்களாக இருந்த அங்கிடி செட்டியார், பார்லென் வையாபுரி என்று பட்டியல் உண்டு. பிரதமர் பதவிப் பேச்சில் மட்டும் தமிழ்ப் பெயர் அடிபடுவதில்லை.

குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானா?

பெரும்பாலும். 1992-ல் குடியரசானபோது முதல் தலைவர் வீராசாமி ரிங்காடு, சில மாதங்களே இருந்தார். அடுத்து வந்த காசம் உத்தீம் ஒரு முறை முத்திரையைக் கீழே வைத்தார். 2002 பிப்ரவரியில் பயங்கரவாதத் தடுப்பு மசோதா வந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதவி விலகினார். அவர் எம்.எம்.எம். ஆள், மசோதா கொண்டுவந்ததோ எம்.எம்.எம். பங்கு வகித்த அரசு. அடுத்துத் துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரிடம் போனது. அவரும் போட மாட்டேன் என்று விலகினார். கடைசியில் தற்காலிகத் தலைவராக வந்த தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை கையெழுத்திட்டார். ஒரு வாரத்தில் மூன்று தலைவர்கள். எனக்கு மொரீசியஸ் அரசியலில் மிகவும் பிடித்த வாரம் அது.

கொள்கை வேறுபாடு ஏதாவது உண்டா?

ஒரு காலத்தில் உண்டு. இப்போது ‘சோசலிசம்’ பெயரில் மட்டும். உண்மையான கொள்கைச் சண்டை முதியோர் ஓய்வூதியத்தில்தான். வசதி பார்க்காமல் எல்லா முதியவருக்கும் மாதாமாதம் அரசு பணம் தரும் நாடு அது. 2014-ல் அனிருத் அணி 5,000 ரூபாய் என்றது. 2019-ல் பிரவிந்த் 13,500 ரூபாய் வரை கொண்டுபோவதாகச் சொன்னார், நூற்றுக்கு நாற்பதுகூட எட்டாத ஓட்டில் 38 இடம் பிடித்தார். 2025 ஜூன் பட்ஜெட்டில் நவீன் அரசு ஓய்வூதிய வயதை 60-லிருந்து படிப்படியாக 65 ஆக்கப் போவதாக அறிவித்தது. 60-0 கொடுத்த மக்கள் ஏழே மாதத்தில் தெருவில் நின்றார்கள்.

2024-ல் பிரவிந்த் ஏன் அப்படித் தோற்றார்?

விலைவாசி ஒரு பக்கம். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு ‘மிஸ்ஸே முஸ்தாஸ்’, அதாவது மீசைக்காரர், என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களைச் சமூக ஊடகத்தில் ஒவ்வொன்றாக வெளியிட ஆரம்பித்தார். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், அதிகாரிகள் குரல்கள். அரசு சமூக ஊடகங்களையே தேர்தல் முடியும்வரை முடக்க உத்தரவிட்டது. எதிர்ப்பைப் பார்த்து ஒரு நாளுக்குள் திரும்பப் பெற்றது. ஆனால் சேதம் நடந்துவிட்டது. நவம்பர் 10-ல் ஓட்டுப்பதிவு. நூற்றுக்கு அறுபதைத் தாண்டிய ஓட்டோடு நவீன் பிரதமர், பெராஞ்சே துணைப் பிரதமர்.

தலைவர்கள் மீது வழக்குகள்?

ஆட்சி மாறினால் வழக்கு வரும். 2014 தோல்விக்குப் பின் நவீன் கைதானார். 2024 தோல்விக்குப் பின், 2025 பிப்ரவரியில் பிரவிந்த் கைதாகி ஜாமீனில் வந்தார், குற்றச்சாட்டை மறுக்கிறார். அதற்கு முன் மெட்பாயின்ட் மருத்துவமனை விவகாரத்தில் 2015-ல் தண்டனை பெற்ற பிரவிந்தை மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். 2019-ல் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தது.

ரோட்ரிக்ஸ் தனிக் கதையா?

ஆமாம். அங்கே சேர்ஜ் கிளேர் தொடங்கிய ரோட்ரிக்ஸ் மக்கள் அமைப்புதான் நெடுங்காலம் ஆதிக்கம். 2002-லிருந்து தனிச் சட்டமன்றமும் இருக்கிறது.

ஊர்ப் பேச்சில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்?

‘பாஸ்’ என்றால் தெருமுனைக் கட்சி அலுவலகம். தகரக் கொட்டகை, நான்கு நாற்காலி, கொடி. ‘கோஸ்-கோஸே’ என்றால் கூட்டணிக்கான திரைமறைவுப் பேச்சு. ‘ரோதே பூ’ என்றால் காரியம் சாதித்துக்கொள்ளக் கட்சியைச் சுற்றுகிற ஆள். ‘நு பான்’ என்றால் அப்பட்டமாக ‘நம்ம ஆளு’. இதற்குத் தமிழில் அகராதி தேவையில்லை.

மே 1 கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது இன்னொரு கலை. பேருந்து ஏற்பாடு, பிரியாணிப் பொட்டலம், கட்சி நிறத்தில் பனியன். கூட்டம் முடிந்ததும் அதே பேருந்தில் கடற்கரைக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார்கள். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டை வேறு பக்கம் போடுவதும் உண்டு.

அந்தத் தமிழ்ப் பெயர்களைப் படிக்கவே முடியவில்லையே?

பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி அவிழ்ந்துவிடும். ‘சினிவாசென்’ என்று தோன்றினால் சீனிவாசன். ‘வியாபூரி’ என்றால் வையாபுரி. ‘கூப்பென்’ என்றால் குப்பன். 100 ரூபாய் நோட்டில் சீனிவாசன் பெயர் இப்படித்தான் பிரெஞ்சுக் கோலத்தில் இருக்கும். அதே நோட்டில் மதிப்பு மட்டும் நல்ல தமிழ் எழுத்தில், இந்திக்கு மேலே.